லாய்ட் பொடி

சாந்தோம்,
5-3-97

அன்பு மகன் லாய்டுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா தயவில் நானும் அப்பாவும் சுகம், நீயும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் ஜெபிக்கிறேன், கோபம் வேறு, ஜெபம் வேறு. ஜூலியட் அத்தைதான் சுகமில்லை. ஆழ்வார்பேட்டையில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள் என்று சனிக்கிழமை போனில் சொன்னேன், முழுதும் சொல்வதற்குள் நீ பேசிய பேச்சில் ரத்தம் கொதித்து ரிசீவரை வைத்துவிட்டேன். கடிதத்தில் நீ நடுவில் மறித்துப் பேச முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

உன் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சாகி வந்தபோது அப்பா அதை ஜெராக்ஸ் எடுத்து, பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லாருக்கும் கொடுத்தார். நம் பங்குக் கோயில் ஜனங்களிடமே ரத்தம் எடுத்து, அந்த மூலிகைப் பொடி சர்க்கரைக்குக் கேட்கிறது என்று நீ நிரூபித்துவிட்டாய் என்று ஒரே பெருமை. அன்றிலிருந்து அதற்கு லாய்ட் பொடி என்றே பெயர். கடைக்கார மாணிக்கவாசகம்கூட என்னை வழியில் நிறுத்தி, இன்னா டீச்சர், லாய்ட் பொடின்னு ஒண்ணு கீதாமே, நமக்குச் சொல்லவே இல்லையே என்று கேட்டார். அத்தை அதற்கும் மேலே போய், டாக்டர் கொடுத்த மாத்திரையையே நிறுத்திவிட்டாள், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செருப்பு கடித்த புண் ஆறவே இல்லை, சேலைக்குள் மறைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். ஏம்மா மாத்திரையை விட்டீர்கள் என்று டாக்டர் கேட்டதற்குக் கைப்பையிலிருந்து உன் கட்டுரையை எடுத்து நீட்டினாள். அவர் என்னிடம் விசாரித்தபோதுதான் அதிலிருந்த அட்டவணையை வரிவரியாகப் பார்த்தேன். மூன்றாவது முறை ரத்தம் எடுத்த தேதி ஏப்ரல் ஒன்று, 1994 என்று போட்டிருக்கிறாய். காலை உணவுக்குப் பிறகு, பங்கு மண்டபத்தில், எல்லாரிடமும்.

அன்று பெரிய வெள்ளிடா, ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட உபவாச நாள். பெரிய வெள்ளியன்று நம் ஜனங்கள் இட்லி சாப்பிட்டுவிட்டு மண்டபத்தில் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்களா? மண்டபம் பூட்டிக் கிடந்தது, பெஞ்செல்லாம் கோயிலுக்குப் போய்விட்டது. நீயே வெறும் காலோடு சிலுவைப்பாதையில் சிலுவை தூக்கி வந்தாய், தோள் கன்றிப்போய் நான்தான் எண்ணெய் தடவினேன். பொய் சொல்ல உனக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா? போனில் கேட்டால், இரண்டு தடவை நிஜமாகத்தான் எடுத்தேன், மூன்றாவது தடவை ஆட்கள் வரவில்லை, போக்குதான் தெரிந்துவிட்டதே, எண்களை நீயே போட்டுக்கொள் என்று புரொபசர் சொன்னார், எல்லாரும் செய்வதுதானே என்கிறாய். யார் அந்த எல்லாரும்? பிராக்டிகலுக்கு ரீடிங்கை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வரும் பெண்களை நான் எப்படித் திட்டுவேன் என்று உனக்குத் தெரியும். அதுகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அதுகளின் ரீடிங்கை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்துவதில்லை. ஆட்கள் வரவில்லை என்று ஒரு வரி எழுதினால் என்ன ஆகியிருக்கும்? பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதானே.

அப்பா உன்னிடம் பேசமாட்டேன் என்கிறார், அதை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள். நீ முதலில் அந்தப் பத்திரிகைக்கு எழுது. மூன்றாவது முறை நடக்கவே இல்லை, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுது. புரொபசர் தலையில் கட்டாதே, முதலில் இருப்பது உன் பெயர்தான். அங்கே கிடைத்த வேலை போய்விடும் என்றாய். போனால் வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது. பங்கில் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் கேட்டு மைக்கை வாங்கி, என் மகன் எழுதியது தப்பு, யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன், யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அத்தையிடம் மட்டும் சொல்லவில்லை. அது உன் வேலை. நேற்று அவள் கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து என்னைப் பார்த்ததும், அண்ணி, லாய்ட் பொடி கொண்டாந்தீங்களா என்று கேட்டாள்.

ஆண்டவர் உனக்கு நல்ல புத்தியும், அதைவிட அதிகமாகத் தைரியமும் கொடுக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. இந்த வருஷம் பெரிய வெள்ளி மார்ச் இருபத்தெட்டாம் தேதி, உனக்குத்தான் அந்தத் தேதி நினைவில் நிற்பதில்லையே. அதற்குள் அத்தையோடு பேசிவிடு.

இப்படிக்கு உன் அம்மா,
ஃப்ளோரா பவுல்சாமி