நீ தோற்ற தேர்தல்கள்

உன் மழைக்கோட்டு வந்து சேர்ந்தது. உன் மகன் துவைக்காமலே அனுப்பியிருக்கிறான், புண்ணியவான். பிரித்ததும் உன் தலைத் தைல வாசனையோடு புகை நாற்றமும் வந்தது. இங்கே கரமனை ஆற்றங்கரையில் மழை விட்டபாடில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்து தண்ணீரைப் பார்க்க வேண்டியிருப்பதால், அதைப் போட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

இந்தக் கோட்டோடுதான் கனடாவில் வீடு வீடாக ஓட்டுக் கேட்டாய். முதல் தேர்தலில், நாம் சேர்ந்து வளர்ந்த இந்தத் தெருவின் பழக்கத்தில், ஒவ்வொரு வாசலிலும் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டினாயாமே! ஈரக் காலோடு நின்ற வேட்பாளரைப் பார்த்து ஒரு கிழவர் இரக்கப்பட்டு ஒரு ஜோடி காலுறை கொடுத்தார். "ஓட்டுப் போச்சு, காலாவது பிழைச்சுதே. சாரமில்லடி, போனாப் போறது" என்று போனில் சிரித்தாய்.

சுற்றுச்சூழல் கட்சிக்காக நின்று நின்று தோற்றாய். ஒரே ஒரு முறை ஜெயித்து மாகாண சபைக்குப் போனாய், கட்சிக்கு நீ ஒருத்தி மட்டும். காட்டை வெட்டாதே என்று அங்கே கத்தினாய். அடுத்த தேர்தலில் மர ஆலைத் தொழிலாளர்கள் உன்னைக் கவிழ்த்துவிட்டார்கள்.

ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். "தோக்கறது பழகிடுத்துடி. நான் சொன்னதெல்லாம் பலிச்சுடுமோன்னுதான் பயம்" என்றாய். பிறகு ஒரு கோடையில் காட்டுத்தீப் புகை உன் ஊரை மூடியது. ஏற்கெனவே கெட்டிருந்த உன் நுரையீரல் தாங்கவில்லை.

அதற்கு முன் கடைசியாக நீ இங்கே வந்தபோது, ஆற்றங்கரையை வெட்டி மதில் கட்டப் பேச்சு நடந்தது. "ஆத்த நெருக்கினா அது தெருவுக்குத்தான் வரும், கேட்டயா" என்று ஒவ்வொரு வீடாகச் சொன்னாய். "கனடால தோத்த மாமி இங்க நிக்கப் போறாளாக்கும்" என்று தெருவே கேலி செய்தது.

மதில் வந்தது. இன்று தண்ணீர் அதைத் தாண்டி எதிர்வீட்டு வாசலில் நிற்கிறது. என்னவர் பக்கவாதத்தில் கீழறையில் கிடக்கிறார். மாடிக்குத் தூக்க எனக்குத் தெம்பில்லை. தீயணைப்பு நிலையத்தில் படகு கேட்டால், "வள்ளமெல்லாம் வெளியில போயிருக்கு அம்மே, வெயிட் செய்யணும்" என்கிறார்கள். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் உன்னைக் கூப்பிடுகிறேன். உன் பயத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

காலையில் பஸ் ஓடியபோது, மருந்து வாங்கப் போனவள் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். நீ சொன்னது தப்பாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். உனக்கு ஓட்டுப் போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை; நான் போட்ட ஒரே ஓட்டு அந்தத் தேங்காய்தான், அதுவும் உனக்கு எதிராக. எத்தனையோ தடவை தோற்றவள்தானே நீ. இந்த ஒரு தடவையும் தோற்றுப்போயேன்.