நீலப் பூக் கையுறை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? வலையில் மீன் விழுகிறதா? சுரங்கத்தில் நான் நலம். கையில் சின்னக் காயம், அவ்வளவுதான்.

நேற்று சாப்பாட்டுக் கூடத்தில் நீ தைத்த மான்தோல் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தேன். புதிதாக வந்த ஒருத்தன் அதிலிருந்த நீலப் பாசிமணிப் பூவைப் பார்த்ததும் என்மேல் பாய்ந்தான்.

"எங்கம்மாவோட பூடா இது! அவங்களோட சேத்துப் புதைச்சத தோண்டி எடுத்தியா, நாயே?"

"எங்கம்மா எனக்குத் தச்சதுடா!" என்று அவன் முன்பல்லைப் பெயர்த்துவிட்டேன். அவன் மீன்கத்தியை உருவினான். நான் கையுறையை விடாமல் மேசையோடு அழுத்திப் பிடித்தேன். கத்தி என் கையைத் துளைத்து, கையுறையையும் துளைத்து, மேசையில் இறங்கியது. மணிகள் ரத்தத்தில் உருண்டன. அவன் மறுபடி ஓங்கியபோது, "எங்கம்மா செலின் தச்சதுடா!" என்று அலறினேன்.

கத்தி அப்படியே நின்றது.

"செலின் சித்தியா?"

அவன் பெயர் லெயோன். ஏரி மேலிருந்த பனிப்பாதை உடைந்ததால் நாம் அடக்கத்துக்குப் போகமுடியாமல் போன உன் அக்கா ஆதெலின் மகன், நான் இதுவரை பார்த்திராதவன். அக்காவும் தங்கையும் ஒரே பூவைத் தைப்பீர்கள் என்று எனக்கு ஏன் சொல்லவில்லை?

நீலமணியும் கொஞ்சம் உலர்மீனும் அனுப்பு. இங்கே சாப்பாடு இறங்கவில்லை. லெயோனுக்கும் ஒரு ஜோடி தை. அளவுக்கு அவன் கையைத் தாளின் பின்பக்கம் வரைந்திருக்கிறோம்.

எழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே. நான் சொல்லச் சொல்ல எழுதுவது அவன்தான். 'நாயே' என்பதை விட்டுவிடலாமா என்று கெஞ்சினான். எழுதுடா என்றேன்.

தபால் விமானம் கிளம்புகிறது.

உன் மகன்,
இசிதோர்