தமிழ்ப் பக்கம் பார்ப்பவர்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
வெள்ளி இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதா துணையால் நானும் அப்பாவும் சுகம். ஜெட்டாவில் உங்களுக்கு நைட் டியூட்டி முடிந்துவிட்டதா? இங்கே தினமும் சாயங்காலம் மழை. லிஃப்ட் மறுபடியும் கெட்டுவிட்டது.

அப்பா தூங்கிவிட்டார். குளியலறை விளக்கைப் போட்டு, அதன் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பரீட்சை முடியும் வரை எனக்குப் போன் கிடையாது என்று சொல்லிவிட்டீர்களே. அதனால் நாளை டியூஷனில் அனுப்பிரியாவின் போனில் இதைப் படம் பிடித்து அனுப்புவேன்.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன் அம்மா.

அப்பா வேலை செய்யும் செய்தி நிறுவனத்தில் அப்பாவோடு இருக்கும் புரோகிராமர்கள் ரகசியமாக, இணையத்தில் ஆளுக்கு ஒரு வரி எழுதும்படி ஒரு பட்டியல் தயாரித்தார்கள். பெயர் கிடையாது. என்ன வேலை, எத்தனை வருஷம், எவ்வளவு சம்பளம், அவ்வளவுதான். எல்லாரும் சேர்ந்து போய்ச் சம்பள உயர்வு கேட்பதற்காம். அவர்களில் ஒருவரான, சென்னையிலிருந்து வந்த இர்ஃபான் அங்கிள் அதை அப்பாவுக்கும் அனுப்பியிருந்தார். நமக்கு எதுக்கு லா இந்த வம்பு என்று அப்பா எழுதாமல் விட்டுவிட்டார்.

போன வாரம் வீட்டுப்பாடத்துக்காக அப்பாவின் லேப்டாப்பைத் திறந்தபோது அந்தப் பட்டியல் திறந்தபடியே இருந்தது. போன வருஷம் சேர்ந்தவர்களுக்கே ஏழாயிரம் வெள்ளி சம்பளம். அப்பாவுக்குப் பதினோரு வருஷம், ஐயாயிரத்து நானூறு. பள்ளி உதவிப்பண விண்ணப்பப் பாரத்தை நிரப்பியது நான்தானே, அதனால் தெரியும். அப்பா சாக்ஸைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். வேலை என்ற இடத்தில் 'தமிழ்ப் பக்கம்' என்று போட்டேன். வீட்டில் அப்படித்தானே சொல்வோம்.

அந்த ஆபிஸ் முழுவதிலும் இணையதளத்தின் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது அப்பா ஒருவர்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

யாரோ பட்டியலை மேலதிகாரிகளிடம் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்களைக் கண்டுபிடிக்க முடியாததால் அப்பாவை மட்டும் விசாரித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று அப்பா பால்கனியில் நின்று இர்ஃபான் அங்கிளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். துணி எடுக்கப் போன நான் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

"நான் எழுதல இர்ஃபான். ஆனா நான்தான்னு சொல்லிட்டேன். வீட்ல என்னை விட்டா இன்னும் ஒரு ஆளுதானே இருக்கு."

பிறகு உள்ளே வந்து, மைலோ குடிக்கிறாயா என்று கேட்டார். கலக்கியும் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அப்பாவுக்குச் சம்பளம் கூடினால் அங்கே வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று நீங்கள் சொன்னீர்கள். அதனால்தான் அம்மா, அந்த வரியை எழுதினேன். இப்போது அப்பாவின் வேலையே போய்விட்டால் நீங்கள் இன்னும் எத்தனை வருஷம் அங்கே இருக்க வேண்டும்?

ஞாயிறு நாங்கள் பூசை முடிந்து வந்ததும் நீங்கள் கூப்பிடும்போது போனை முதலில் என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மட்டும் என்னைக் கேளுங்கள். அப்பா பக்கத்தில்தான் நிற்பார். எழுதியது நான்தான் என்று அவரிடம் சொல்லி முடிக்கும் வரை நீங்கள் போனை வைத்துவிடாதீர்கள்.

மாதா உங்களைக் காக்கட்டும். இந்த முறை அப்பாவுக்காக இரண்டு தடவை வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
ஆட்ரி