நாற்பதாவது செக்கன்

2025 ஓகஸ்ட் 4, திங்கள்

மதுரங்குளிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது பார்த்தேன். மருந்துக் கடைக்கு மேலே, ஆளுயரத்தில் அவன் படம். "மலாவி நாட்டில் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்காகத் தொண்டாற்றித் திரும்பிய எமது றிப்னாஸ் அவர்களை வாழ்த்துகிறோம்." பக்கத்தில் சின்னவள் சிசோமோ சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் தோளில் அவன் கை.

அந்தக் கை.

பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததையும் விட்டுவிட்டேன்.

ஓகஸ்ட் 5

அவன் விழ வேண்டும். எல்லாரும் பார்க்க விழ வேண்டும்.

ஓகஸ்ட் 9, சனி

வாப்பா இன்றைக்கும் அதையே சொன்னார். "விடுங்க மகள். அல்லாஹ் பாத்துக்குவான்." பார்ப்பான். எனக்கும் பார்க்க வேண்டும், வாப்பா.

எதையும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். கொழும்பிலுள்ள தொண்டு அமைப்பு ஒன்றுதான் என்னையும் றிப்னாஸையும் மலாவிக்கு அனுப்பியது. ஏரிக்கரைக் கிராமம். காது கேளாத, நடக்க முடியாத நாற்பத்திரண்டு பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம். கைமொழி தெரியாமல் போய், பிள்ளைகளிடமே படித்துக்கொண்டேன். அங்கே ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் உண்டு. றிப்னாஸுக்குக் கண்ணாடி: இரண்டு விரல் வளையங்கள். எனக்கு, தாடைக்குக் கீழே ஒரு கிள்ளு. நான் பர்தாவுக்குக் குத்தும் ஊசி. பெயர் வைத்தவள் சிசோமோ.

ஏப்ரலில் தலைநகரத்திலிருந்து விருந்தினர் வந்த அன்று அவள் முற்றத்தில் கத்திக்கொண்டு ஓடினாள். ஒன்பது வயது. தன் சத்தம் தனக்கே கேட்காது. றிப்னாஸ் அவளைத் தூக்கிச் சோளம் வைக்கும் அறையில் போட்டுப் பூட்டினான். இரண்டு மணித்தியாலம். திறந்தபோது மூன்று நகங்கள் பிய்ந்திருந்தன. அறிக்கையில் அவன் எழுதினான்: பூட்டியவர் அஸ்ரியா. அதாவது நான். மூன்றாம் நாள் என்னை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். பதினான்கு மாத வேலை, மூன்று நாளில் முடிந்தது.

நான் வந்து இறங்குமுன்னே கதை எங்கள் ஊர் ஆலங்குடாவுக்கு வந்துவிட்டது. பாலர் பாடசாலையில் என் பழைய இடம் இல்லை என்றார்கள். பேசி வைத்திருந்த கல்யாணமும் இல்லை. மாப்பிள்ளையின் உம்மா சொன்னாவாம், "ஊரான் புள்ளைக்கே இப்பிடிச் செஞ்சவ நாளைக்கு நம்மட புள்ளைக்கு என்ன செய்ய மாட்டா?"

அவனுக்கோ மாலை. மதுரங்குளியில் இப்படியான பிள்ளைகளுக்கு ஒரு பகல்நேர நிலையம் திறக்கிறார்கள். ஹிஸ்புல்லா ஹாஜியாரின் குழு. பொறுப்பாளர் யாராம்? அவன்தான்.

ஓகஸ்ட் 13, புதன்

யா அல்லாஹ். வந்துவிட்டது.

அந்தப் பள்ளியில் சமைக்கும் எஸ்நாத்துக்கு நான் எத்தனையோ தரம் செய்தி அனுப்பிவிட்டு மறந்தே போயிருந்தேன். இன்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. அடுப்படிச் சுவரோரம் சிசோமோ. வளர்ந்திருக்கிறாள். நகங்கள் முளைத்திருக்கின்றன. கை ஓடுகிறது: கண்ணாடிக்காரன் என்னைத் தூக்கினான். உள்ளே தள்ளினான். பூட்டினான். இருட்டு. தட்டினேன், தட்டினேன்.

வேறென்ன சாட்சி வேண்டும்? இதற்குப் பிறகும் நீளுகிறது. மிச்சத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. கை வேகமாகப் போகிறது.

ஓகஸ்ட் 14

பன்னிரண்டு தரம் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அவன் முகம் வெளிறுவதை நினைத்துக்கொண்டு. ஒருநாளும் சோறு இவ்வளவு ருசித்ததில்லை.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

நான் மொழிபெயர்த்தால் குழு நம்பாது. அதனால் முஃப்லிஹாவிடம் போனேன். புத்தளத்தில் தையல் கடை வைத்திருப்பவள். பிறவியிலேயே காது கேட்காது; உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வாள், தமிழ் நன்றாக எழுதுவாள். மகள் நுஸ்ராவுக்கும் கேட்காது. ஆறு வயது. அந்த நிலையம் எப்போது திறக்கும் என்று தாய் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

மலாவிக் கைமொழி விளங்குமா என்று கேட்டேன். வெட்டும் மேசையில் தையல் சோக்கால் எழுதினாள்: "கைமொழி ஊருக்கு ஊர் வேற. கதவைப் பூட்டுறது எல்லா ஊர்லயும் ஒண்டுதான்."

பார்த்தாள். நாற்பது செக்கனில் நிறுத்தப் போனேன். என் கையைத் தட்டிவிட்டு முடியும் வரை பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். பிறகு தன் தாடைக்குக் கீழே கிள்ளிக் காட்டினாள். யார் இது? அவள் கண் என் கழுத்து ஊசியில் நின்றது.

சோக்கை எடுத்து எழுதினாள்: "கதவு இடுக்கால பாத்திட்டுப் போனவ நீங்களா?"

"தெரியாது" என்றேன்.

உள்ளங்கையால் எழுத்தை அழித்தாள். நுஸ்ராவை அருகில் இழுத்து வைத்துக்கொண்டாள். நான் எழும்பி வந்துவிட்டேன்.

ஓகஸ்ட் 20

தெரியும். முதல் தரம் பார்த்தபோதே விளங்கியது. ஏப்ரலிலிருந்தே தெரியும்.

தேத்தண்ணித் தட்டோடு அந்தப் பக்கம் போனேன். கதவு அதிர்ந்தது. இடுக்கில் ஒரு கண். அவள்தான். திறப்பு பூட்டிலேயே தொங்கியது. ஒரு கையால் திருப்பியிருக்கலாம். தூரத்தில் நின்ற றிப்னாஸ் விரலை உதட்டில் வைத்தான். விருந்தினர் போனதும் திறப்பான்தானே என்று நினைத்தேன். மாட்டேன் என்றால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன்— அதுக்காகவா? அதுக்காகத்தான். தட்டைக் கொண்டுபோய் விருந்தினருக்குக் கொடுத்தேன். எத்தனை சீனி என்று சிரித்துச் சிரித்துக் கேட்டேன்.

ஆனா பூட்டினது அவன். நான் பூட்டல்ல. பொய் எழுதினதும் அவன். நான் எழுதல்ல. எண்ட வாழ்க்கைய நாசமாக்கினது ஆர்? அவன். அவன். அவன்.

ஓகஸ்ட் 22, வெள்ளி

மஸாஹிர் நானா போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். ஜும்ஆவுக்குப் பிறகு அங்கே போனேன்.

"எந்த இடத்தில வெட்டணும்?"

"நாப்பதாவது செக்கன்ல."

"மிச்சத்தில என்ன இரிக்கி?"

"ஒண்டுமில்ல நானா. அழுறா."

வெட்டிக் கொடுத்தார்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

முடிந்தது.

குழுக் கூட்டத்துக்குக் கூப்பிடாமலே போனேன். ஏழு பேர், அவனும். ஹாஜியார் முகத்தைச் சுளித்தார். "நீங்க ஏன் வந்த, புள்ள?" போனை அவர் கையில் கொடுத்தேன். அது கதிரை கதிரையாகப் போனது. கண்ணாடி வளையம் என்றால் யார் என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. சிசோமோவின் விரல்கள் கண்ணில் வளையம் போட்டதும் போனை வைத்திருந்தவர் ஒவ்வொருவரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவன் தன்னை அறியாமலே கண்ணாடியைக் கழற்றினான்!

கடைசியாகப் போன் அவனிடம் போனது. பார்த்தான். முடிந்த இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

"போதும் தம்பி" என்றார் ஹாஜியார்.

வரும் வழியெல்லாம் கச்சான் காற்று முகத்தில் அடித்தது. ஓட்டோவின் பக்கத் திரையை இழுத்துவிடச் சொல்லவில்லை. அடிக்கட்டும்.

ஓகஸ்ட் 27

சந்தியில் படத்தைக் கழற்றிவிட்டார்கள். பார்ப்பதற்கென்றே போய் வந்தேன். நான்கு கயிறுகள் மட்டும் தொங்குகின்றன.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

அவன் வந்தான். வாப்பா லுஹர் தொழப் பள்ளிக்குப் போயிருந்த நேரம். முள்வேலிக்கு அந்தப் பக்கமே நின்றான். மெலிந்திருந்தான்.

"நான் செஞ்சது பிழ. உங்கட பேர எழுதினது அதவிடப் பெரிய பிழ" என்றான். "ஆனா அந்த வீடியோட மிச்சம் எங்க, அஸ்ரியா?"

"மிச்சம் இல்ல."

"நீங்களும் பாத்தீங்க. திறப்பு அதிலயே தொங்கினிச்சி."

"போங்க இங்கிருந்து."

"நான் ஆர்ட்டயும் சொல்லல்ல. சொன்னாலும் ஆர் நம்பப் போற?"

"அப்ப ஏன் வந்தீங்க?"

"உங்களுக்காவது தெரியும் எண்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நல்லாயிருக்கு. என்னை நம்பாமல் ஊர் பார்த்த பார்வை இனி அவனுக்கு. ஐந்து மாதம் நான் தின்றதை அவன் ஐந்து வருசம் தின்னட்டும்.

செப்டெம்பர் 3

சிசோமோ எனக்கு அனுப்பிய வீடியோ அது. ஹாஜியாருக்கு இல்லை. எனக்கு. எஸ்நாத் கீழே எழுதியிருந்தாள்: "இவள் உன்னிடம் ஒன்று கேட்கிறாள்." கடைசிப் பத்து செக்கன் அதுதான். கிள்ளு, கண், திரும்பிப் போவது. பிறகு இரண்டு கையையும் விரித்து: ஏன்?

பதில் எடுத்து அனுப்ப உட்கார்ந்தேன். கை வரவில்லை.

செப்டெம்பர் 14, ஞாயிறு

ஹாஜியாரும் மனைவியும் தொதல் இனிப்போடு வந்தார்கள். "ஊர் உங்களுக்கு அநியாயம் செஞ்சிட்டு, மகள். மனசில வச்சிக்காதீங்க. நிலையத்த நீங்களே பொறுப்பெடுங்க." வாப்பா அழுதார். இப்படி அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? இல்லை— சொல்ல எவ்வளவோ இருந்தது. ஓம் என்றேன்.

செப்டெம்பர் 29, திங்கள்

பதிவுக்கு வந்தவர்கள் பதினொரு பிள்ளைகள். முதல் ஆளாக வருவாள் என்று நினைத்த முஃப்லிஹா வரவில்லை.

அவளிடம் போகலாம். போய் என்ன சொல்வது?

ஒக்டோபர் 6, திங்கள்

இன்று திறந்தோம். ஹாஜியார் துஆ ஓதினார். படம் எடுத்தார்கள். பிள்ளைகள் தோளில் கை போடச் சொன்னார்கள், போடவில்லை.

குழுவும் படம் எடுத்தவர்களும் போன பிறகு ஓட்டோ ஒன்று வந்து நின்றது. நுஸ்ரா இறங்கினாள். பிறகு முஃப்லிஹா. பிறகு அவளும் சாரதியுமாகத் தையல் மெஷினைத் தூக்கி இறக்கினார்கள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வகுப்பறைக்குள் கொண்டுவந்து, கதவோரமாக, முழு அறையும் தெரியும் இடத்தில் வைத்தாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து நீட்டினாள். முன்பே எழுதிக்கொண்டு வந்திருந்தாள்: "புள்ளைக்குப் படிக்கணும். வேற இடம் இல்ல. நான் இஞ்சதான் இருப்பேன்."

குழுவிடம் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நுஸ்ராவை முன் வரிசையில் உட்கார வைத்தேன்.

முஃப்லிஹா பின்னேரம் மூன்று மணி வரை தைத்தாள். இரண்டு பாடசாலைச் சட்டை, ஒரு தலையணை உறை. நான் திரும்பிய போதெல்லாம் பார்த்தேன். அவள் ஒரு தரமாவது துணியைப் பார்த்ததாகத் தெரியவில்லை.