பசைக்குப் பதில் ஸ்க்ரூ

அன்புள்ள இஞ்சினியரம்மாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே சொல்லிவிடுவாய்; எனக்கும் குரல் ஏறிவிடும். எழுதினால் நீ கடைசிவரை கேட்டுத்தானே ஆகவேண்டும்!

சின்னவளுக்குச் சளி விட்டுவிட்டது. முன்பல் ஒன்று விழுந்து, சிரிக்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொள்கிறாள். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. வாஷர் வாங்கி வைத்து நாலு நாளாயிற்று. உட்கார்ந்தால் எழுந்து நடக்கத் தோன்றுகிறது, நடந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகிறது. எந்த வேலையிலும் மனம் நிற்கவில்லை.

போன வாரம் பழைய போன்களைப் பிரிக்கும் எங்கள் கூடத்தில் தீப்பிடித்தது. பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை. நீ தலைமை அலுவலகத்தில் வடிவமைக்கும் போன்கள் பழசாகி இங்கேதான் வருகின்றன, நான்தான் பிரிக்க வைக்கிறேன். இவள் கட்டுவாள், இவன் உடைப்பான், நல்ல ஜோடி என்று என் தங்கை நம் கல்யாணத்தில் கேலி செய்தாளே! அன்றைக்கு மேசைக்கு வந்தது உன் மெல்லிய மாடல். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருப்பதால் நெம்பித்தான் எடுக்கவேண்டும். நெம்பியதில் அது கிழிந்து புஸ்ஸென்று பற்றிக்கொண்டது. எல்லோரையும் அதட்டுவதால் ஹெட்மிஸ்ட்ரஸ் என்று கூப்பிடுவோமே, அந்த அக்காவின் கையில். மணலைக் கொட்டி அணைப்பதற்குள் முழங்கை வரை வெந்துவிட்டது.

அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கேயும் அதட்டல்தான். “வெந்தது என் கை, உங்க மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?” என்றார். அப்புறம் குரலை இறக்கி, “கை ஆறினதும் எனக்கு வேலை இருக்கும்ல?” என்று கேட்டார். இருக்கும் என்றேன். அந்தப் போனை வரைந்தது யார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாளே மேலாளர் கூப்பிட்டார். கூடத்தை மூடிவிடலாம், இருக்கிற சரக்கையெல்லாம் வெளியாள் ஒருவருக்குத் தள்ளிவிடலாம், செலவும் குறையும் என்றார். அந்த ஆளின் இடத்தை நானே போய்ப் பார்த்தேன். முன்னால் ஒரு தகரக் கொட்டகை. பின்னால் வெட்டவெளியில் ஒயர்களைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறார்கள். உதவாததையெல்லாம் வாய்க்காலில் தள்ளிவிடுகிறார்கள். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மினுங்குகிறது. கொஞ்சம் தள்ளி ஒரு பெண் அதே தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் வழியில் நம் கம்பெனிக் கடை. ‘பழைய போனைத் தாருங்கள், பொறுப்பை எங்களிடம் விடுங்கள்’ என்று வாசலில் பெரிய போர்டு. என்னால் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை லாரி வந்தது. நான் கேட்டை விட்டு நகரவில்லை. மேலாளர் மாடியிலிருந்து இறங்கி வந்து கத்தினார். “நம்ம பேரைப் போட்டு வித்த சாமான் சார். இது அங்க போச்சுன்னா நானும் வேலையை விட்டுப் போறேன்” என்று சொன்னேன். லாரிக்காரர் இரண்டு தரம் டீ குடித்துவிட்டு, “நீங்க பேசி முடிங்க” என்று காலி வண்டியோடு போய்விட்டார்.

இப்போது விஷயம் மேலே போய், தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் வந்திருக்கிறது. அடுத்த மாடலையும் இப்படியே ஒட்டுவதானால் கூடத்துக்கு மூடுவிழா. திறந்து பிரிக்கிற மாதிரி செய்தால், பேட்டரி எடுக்கத் தனி மெஷினும் தீயணைப்பு வசதியும் தந்து கூடத்தை நடத்துவார்களாம். அடுத்த வாரம் வியாழக்கிழமைக் கூட்டத்தில் முடிவு. அதில் நீயும் உட்காருவாய்.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். ஸ்க்ரூ வைத்தால் தடிமன் கூடும், தண்ணீர் புகாமல் தடுப்பது கஷ்டம், விற்பனை ஆட்கள் குதிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகூடப் பார்க்காமல் அந்த மாடலை நீ இழைத்து இழைத்து மெலிய வைத்தாய். முதன்முதலில் கையில் வாங்கியபோது நானே அசந்துபோனேன். அந்தப் பெருமை எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் விற்றதும் அது நம் கையை விட்டுப் போய்விடுவதில்லையே. வாங்கினவன் பாவம், திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகிறான். அப்புறம் அது என்ன ஆகும் என்பதைச் செய்கிறவர்கள்தானே முதலிலேயே யோசிக்கவேண்டும்?

என் வேலைக்காக நீ ஒரு வார்த்தை பேசவேண்டாம். புருஷனுக்காகப் பேசினாள் என்ற பேரும் உனக்கு வேண்டாம். கூட்டத்துக்கு முன்னால் ஒருநாள் லீவு போட்டுவிட்டு வா. ஒரே ஒரு போனை உன் கையாலேயே பிரித்துப் பார். பக்கத்தில் நான் நிற்கிறேன். அதன்பிறகு கூட்டத்தில் நீ என்ன சொன்னாலும் ஏன் என்று கேட்கமாட்டேன்.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். சண்டை போடுவதானாலும் நேரில் வந்து போடு. நல்லபடியாக வந்து சேர்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்