வெளியே கிடந்த எலும்பு

மேடான்
4 மார்ச் 1983

என் ரொசிந்தாவுக்கு,

நலம். நீ எழுதி நாளாயிற்று, பரவாயில்லை, கோபமில்லை. ஒரு தொல்லை. "பொண்ணு சினாகா குலத்துல எத்தனாவது தலைமுறைடா? சபையில கேப்பாங்களே!" என்று சித்தப்பா கேட்கிறார். விழித்தேன். உங்கள் வீட்டு வரிசை உன் தாத்தாவோடு நின்றுபோகிறதாமே? கொள்ளுத்தாத்தாவை மட்டும் விசாரித்து எழுது. பெண் கேட்க வரும் நாளுக்கு, விருந்துப் பன்றிக்குச் சொல்லியாகிவிட்டது.

பஸ்ஸில் உன்னை முதலில் "இத்தோ" என்று கூடப்பிறந்தவளாக்கிக் கூப்பிட்டேனே, நினைவிருக்கிறதா? ஒரே குலமென்றால் அண்ணன் தங்கை முறை, கல்யாணமே கூடாதே. நீ சினாகா, நான் பசாரிபு என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது!

உன் மருதூத்

சமோசிர்
19 மார்ச் 1983

அன்புள்ள மருதூத்,

"இத்தோ" என்றதற்கு இன்னும் உங்களை மன்னிக்கவில்லை.

கொள்ளுத்தாத்தா பெயர் எலியாஸ். காப்பித் தோட்டம் வைத்திருந்தார், ஏரியில் மீன் பிடித்தார், அவ்வளவுதான். ஆனால் ஒன்று இடிக்கிறது. குலக் கல்லறை கட்டியபோது முன்னோர் எலும்பையெல்லாம் தோண்டி, மஞ்சள் தண்ணீரில் கழுவி உள்ளே வைத்தார்கள். எலியாஸை மட்டும் எடுக்கவில்லை. காப்பிச் செடிகளுக்கு நடுவே தனியாகக் கிடக்கிறார். ஏன் என்று பெரியப்பாவைக் கேட்டேன். "செத்தவனை எதுக்கும்மா கிளறுற? கல்யாண வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தார். அன்றிலிருந்து அம்மா என் கல்யாணத் துணியை நெய்யத் தறியில் உட்காரவில்லை. கேட்டால் கைவலி என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. நாளை கோவிலில் ஞானஸ்நானப் பதிவைப் பார்க்கப் போகிறேன்.

உங்கள் ரொசிந்தா

சமோசிர்
23 மார்ச் 1983

மருதூத்,

பார்த்துவிட்டேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"எலியாஸ். தகப்பன் குலம் பசாரிபு. பெற்றோர் அம்மையில் இறந்தபின் ஏரிக்கு இந்தக் கரையில் சினாகா வீட்டில் வளர்கிறான்." இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. விருந்து வைத்து, ஊரறிய அவரைக் குலத்தில் சேர்க்கவே இல்லை என்று பெரியப்பா ஒப்புக்கொண்டார். பெயரை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் எலும்பு வெளியே.

அப்படியென்றால் என் தாத்தா, அப்பா, நான் எல்லோரும் யார்? உங்கள் குலம். ஐயோ, உங்கள் குலம்!

பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்க இத்தனை வருஷம் வாயத் தெறக்கல. நீயும் தெறக்காத. சினாகாவாவே போய் வாழு" என்றார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள்.

உங்களிடம் மறைக்க முடியவில்லை. நீங்கள் இதைக் கிழித்துப் போட்டால் நானும் மறந்துவிடுகிறேன். சத்தியமாக மறந்துவிடுகிறேன். வேறொன்றும் எழுத வேண்டாம். "என் ரொசிந்தா" என்று மட்டும் எழுதி அனுப்புங்கள், போதும்.

ரொசிந்தா

மேடான்
11 ஏப்ரல் 1983

அன்புள்ள இத்தோ,

கிழிக்கத்தான் எடுத்தேன். முடியவில்லை. நமக்குப் பிறக்கும் பிள்ளையை எந்தக் குலத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்?

சித்தப்பாவிடம் சொன்னேன். உன் கடிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு, "காணாமப் போன நம்ம பையனோட வம்சம்டா. அவ நம்ம வீட்டுப் பொண்ணு" என்று சொல்லி அழுதார். நான் அழவில்லை. அழ வரவில்லை.

குறித்த நாளிலேயே எங்கள் ஆட்கள் ஏரி தாண்டி வருகிறார்கள், பெண் கேட்க அல்ல. எலியாஸின் எலும்பை எங்கள் கல்லறைக்கு எடுத்துப்போக வருகிறார்கள். அந்தப் பன்றி அந்த விருந்துக்கு ஆகட்டும். எலும்பு கழுவ வீட்டுப் பெண்தான் மஞ்சள் கரைக்க வேண்டும். நீ கரைத்து வை. நான் ஊற்றுகிறேன்.

உன் அண்ணன்,
மருதூத்