34-ஆம் பகுதிக்குப் போ

திருத்தணி
12-6-1986

அன்புள்ள பாவா,

நைனாவின் இருமலைத் தவிர இங்கே எல்லாம் நலம். அத்தையின் முழங்கால் வலிக்கு அந்த எண்ணெய் கேட்டதா என்று எழுதுங்கள்.

இத்துடன் என் புத்தகம் வருகிறது. போன வருஷம் மெட்ராஸ் பிளாட்பாரக் கடையிலிருந்து எனக்கு ஓர் இங்கிலீஷ் புத்தகம் வாங்கி வந்தீர்களே, படிப்பவரே வழியைத் தேர்ந்தெடுத்துப் போகிற கதை, அதைப் பார்த்துத்தான் இந்த ஆசை பிடித்தது. 'நகரி மலை மர்மம்' என்று பெயர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வகுப்பு முடிந்த பிறகு நானே ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து, தைத்து, நைனாவின் லுங்கிக் கடையில் ஒரு மூலையில் வைத்தேன். நைனா முணுமுணுத்தார். ஆனால் தூசு படாமல் துணி போட்டு மூடுவது அவர்தான்.

இதை வரிசையாகப் படிக்கக் கூடாது. படிப்பவர்தான் பூவம்மாள். காணாமல் போன அண்ணனைத் தேடி மலைக்குப் போகிறாள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு கேள்வி இருக்கும். குகைக்குள் நுழைய 17-க்குப் போ, வீட்டுக்குத் திரும்ப 42-க்குப் போ என்று. சொன்ன எண்ணுக்கு மட்டுமே போக வேண்டும். அடுத்து என்ன என்று கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று பகுதிகளைக் கலைத்து வைத்திருக்கிறேன்.

'எந்த வழியாகப் போனீர்கள், எங்கே செத்தீர்கள், எது பிடிக்கவில்லை?' என்று கேட்டுக் கடைசிப் பக்கத்தில் விலாசம் போட்டேன். எழுதுகிறார்கள் பாவா! பொதட்டூர்பேட்டையில் தறி நெய்கிற குப்பம்மாள் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுப் பெண் அஞ்சலட்டையில் எழுதியிருக்கிறாள். "எங்க ஊட்டுக்காரு படிக்கிறாரு, நான் வயி சொல்றேன். மூணு வாட்டியும் பாம்பு கடிச்சி செத்துட்டேன். அந்தாளு வேணும்னே பாம்பு கீற எடத்துக்கே போறாரோன்னு சந்தேகமா கீது."

கே.ஜி.கண்டிகை சுப்பிரமணி லாரி ஓட்டுகிறவர். கடைக்கே வந்துவிட்டார். "இன்னாம்மா, லாரிக்காரன்னா திருடன்தானா? ஒரு லாரியாவது நல்ல லாரியா இருக்கக் கூடாதா?" நியாயம்தானே. அடுத்த முறை ஸ்டென்சில் வெட்டியபோது 26-ஆம் பகுதியில் ஒரு நல்ல லாரியைச் சேர்த்தேன். அண்ணனிடம் போய்ச் சேர இப்போது மூன்று வழிகள். அந்த லாரிதான் சுருக்கு வழி.

நீங்களும் விளையாடிப் பார்த்து, எங்கே செத்தீர்கள் என்று எழுதுங்கள். பாராட்ட வேண்டாம்.

அன்புடன்,
தேவகி

*

ஆவடி
21-6-1986

அன்புள்ள தேவகிக்கு,

அம்மாவுக்கு வலி தேவலை. மாமாவுக்கு இருமல் நிற்கவில்லை என்றால் இங்கே அழைத்து வா, நல்ல டாக்டர் இருக்கிறார்.

உன் புத்தகம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன். உனக்குள் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது! ஒரு சின்னக் குறை. கதை நடுவில் தாவுகிறது. ஒரு பக்கத்தில் செத்துப் போகிறவள் அடுத்த பக்கத்தில் கஞ்சி காய்ச்சுகிறாள். அதைக் கொஞ்சம் சரி செய்தால் பிரமாதம்.

என்னோடு ஸ்டோர்ஸில் வேலை செய்யும் வேதாசலத்தின் மச்சான் ராயபுரத்தில் அச்சகம் வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்கான சின்னப் புத்தகங்கள் போடுகிறார். காட்டினேன், உடனே ஆயிரம் பிரதி போடலாம் என்றார். தையில் நம் கல்யாணம், அதற்குள் உன் பெயர் அச்சில் வந்துவிடும். எப்படி என் ஏற்பாடு?

உன்,
பரந்தாமன்

*

திருத்தணி
27-6-1986

அன்புள்ள பாவா,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்து, அரிசியில் கல் பொறுக்க விட்டுவிட்டேன். ராத்திரி நைனா பல்லைப் பிடித்துக்கொண்டு உங்களைத்தான் ஏசினார். வரிசையாகப் படித்தால் செத்தவள் கஞ்சி காய்ச்சத்தான் செய்வாள்!

அச்சில் வரப் போகிறது என்ற செய்தியை நம்பவே நேரம் பிடித்தது. இன்ஸ்டிடியூட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். இதில் ஓர் எண் நகர்ந்தாலும் எல்லா வழியும் கெட்டுவிடும். தறியில் ஒரு இழையை உருவினால் பக்கத்து இழை மட்டுமா தளரும்? எதை மாற்றுவதானாலும் முதலில் எனக்கு எழுதுங்கள். நானே வந்து புரூஃப் பார்க்கிறேன். நைனா விடுவார்.

இன்னொன்று. எனக்காக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சொன்னபடி விளையாடிப் பாருங்கள். எங்கே செத்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
தேவகி

*

ஆவடி
18-9-1986

அன்புள்ள தேவகிக்கு,

பார்சலைப் பிரித்தாயா? முதலில் அட்டையைப் பார்! 'தேவகி பரந்தாமன்'. தைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று வேதாசலம் கேலி செய்தான். இருக்கட்டும் என்றேன்.

புரூஃபுக்காக உன்னை அலைக்கழிக்க வேண்டாம் என்று நானே பார்த்துவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பெண் ராத்திரியில் தனியாக லாரி ஏறுவது, சத்திரத்தில் தங்குவது, போலீஸ்காரரோடு தெலுங்கில் சண்டை பிடிப்பது, இதெல்லாம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு நம் உறவுக்காரர்களும் படிப்பார்கள் அல்லவா? அப்படி ஒரு எட்டுப் பகுதிகளை எடுத்துவிட்டேன். நடுவில் எண் விட்டுப் போனால் அச்சுப்பிழை போலத் தெரியும் என்று மீதியை ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண் போட்டுவிட்டேன். நீ பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. கதை இப்போது தாவாமல் போகிறது.

மாமா என்ன சொன்னார்?

உன்,
பரந்தாமன்

*

திருத்தணி
30-10-1986

பாவா,

உடனே எழுதாததற்குக் காரணம், என்ன எழுதுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. இப்போது வாசகர்களின் கடிதங்கள் வந்துவிட்டன. அவர்களே பேசட்டும்.

குப்பம்மாள்: "அண்ணன கண்டுபுடிச்சாச்சு, 61-க்கு போன்னு போட்டுகீது. போனா கெணத்துல செத்து கெடக்கறா. எந்த அண்ணம்மா தள்னான்?"

பள்ளிப்பட்டிலிருந்து ஒருவர்: "காவல்காரனிடமிருந்து தப்பிக்க 34-க்குப் போகச் சொல்கிறீர்கள். அங்கே அவள் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். தாங்கள் கணக்கில் வீக்கா?"

எட்டுப் பகுதிகளை எடுத்து மீதியை மேலே தள்ளினீர்கள். ஒவ்வொரு பகுதியின் அடியிலும் நான் எழுதிய 'இங்கே போ, அங்கே போ' என்ற எண்களைத் தொடவே இல்லை. பழைய 42, அவள் தோற்று வீட்டுக்குத் திரும்பி அடுப்பு மூட்டும் இடம், இப்போது 34. தப்பிக்கிற வழிக்கெல்லாம் நான் போட்ட எண் 34, இப்போது அவை எல்லாம் அங்கேதான் போய் விழுகின்றன. அங்கிருந்து புறப்பட்டால் சுற்றிக்கொண்டு மறுபடியும் அங்கேயே. மூன்று வழியில் ஒன்றுகூட மிச்சமில்லை. சுப்பிரமணி கடைக்கு வந்து, "நம்ம லாரி எங்கம்மா?" என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். வேலூரிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். "எந்தக் கதவைத் திறந்தாலும் அவள் அடுப்படிக்கே வந்து சேர்கிறாள். நம் பெண்களின் வாழ்க்கையை இவ்வளவு துணிச்சலாக யாரும் சொன்னதில்லை" என்கிறார். என் வாழ்நாளில் கிடைத்த முதல் பெரிய பாராட்டு. அதில் ஒரு சொல்கூட எனக்குச் சேராது. நான் எழுதிய பெண் வெளியே போனவள், பாவா. அவளை அடுப்படியில் உட்கார வைத்தது நீங்களும் அத்தையும்.

விற்பனையை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். அனுப்பிய நாள் முதல் இன்றுவரை, ஒரு தடவையாவது விளையாடினீர்களா?

தேவகி

*

ஆவடி
6-11-1986

அன்புள்ள தேவகிக்கு,

உன் கடிதம் பார்த்து மனசு கஷ்டப்பட்டது. நல்லது செய்யப் போய்க் கெட்ட பெயர். சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற புத்தகத்துக்கு இத்தனை கோபமா? அச்சகத்தில் முக்கால்வாசி விற்றுவிட்டது என்கிறார்கள். திரும்பப் பெறுவதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. படித்த ஒரு அம்மாள் நான்கு பக்கம் பாராட்டி எழுதியிருக்கிறாள், அதற்குச் சந்தோஷப்படாமல் தறிக்காரி சொன்னதை வைத்து என்னைக் குத்துகிறாய்.

அம்மாவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். அழுதுவிட்டார். சொந்த அண்ணன் மகள் இப்படி எழுதுவாளா என்று கேட்கிறார். நீ ஒரு வரி மன்னிப்பு எழுதினால் போதும்.

கல்யாணத்துக்கு அப்புறம் இதற்கெல்லாம் உனக்கு நேரமும் இருக்காது. எந்த வழியில் போனாலும் கடைசியில் வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்? கோபம் தணிந்ததும் எழுது. மண்டபம் பேசியாகிவிட்டது.

உன்,
பரந்தாமன்

*

திருத்தணி
17-11-1986

திரு. பரந்தாமன் அவர்களுக்கு,

நேற்று அத்தை இங்கே வந்திருந்தார். உங்களிடம் எப்படிச் சொன்னாரோ, நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

"மண்டபம் பேசிட்டு வந்துகினு கீறோம், நீ இன்னாடி மூஞ்ச தூக்கிகினு கீற?" என்றார்.

"பாவா அந்தப் புத்தகத்த ஒரு தடவையாவது வெளையாடினாரான்னு கேளுங்க அத்தை."

"வெளையாட அவன் இன்னா கொயந்தையா?"

எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றேன். நைனா கையிலிருந்த லுங்கியை மடிப்பதை நிறுத்தவில்லை. மடித்து முடித்துவிட்டுக் கேட்டார். "ஒரு பொஸ்தகத்துக்காகவாம்மா?"

"ஆங் நைனா. பொஸ்தகத்துக்காகத்தான்."

வேறு பெரிய காரணம் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. நீங்கள் குடிக்கிறீர்கள், வேறு பெண் இருக்கிறாள் என்று இருந்தால் நைனாவுக்குப் புரிந்திருக்கும். ஊருக்கும் புரியும். உங்களிடம் அப்படி ஒரு குறையும் இல்லை. நல்லவர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். உங்களை எனக்குப் பிடித்திருந்தது. நான் எழுதியதன் உள்ளே வந்து ஒரு முறை தொலைந்து பாருங்கள் என்றுதான் கேட்டேன். நீங்கள் வெளியே நின்றபடியே அதைச் சீர்படுத்தினீர்கள். அந்த வீட்டில் என்னையும் அப்படித்தான் சீர்படுத்துவீர்கள், அன்போடு, அத்தைக்குப் படித்துக் காட்டி.

அத்தை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "பொம்பள லாரி ஏறிப் போறான்னு எயுதினவதானே? வரும் போ, உனுக்கும் ஒரு லாரி" என்றார். தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். நைனா அதன் பிறகு என்னோடு பேசவில்லை. கடை மூலையிலிருந்து புத்தகங்களையும் எடுத்துவிட்டார்.

விடுபட்ட எட்டுப் பகுதிகளையும் சரியான எண்களையும் ஸ்டென்சில் வெட்டி, எனக்கு விலாசம் தெரிந்தவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். மீதிப் பேருக்கு நான் கணக்குத் தெரியாத ஒருத்திதான். வேலூர் ஆசிரியைக்கும் உண்மையை எழுதினேன். பதில் வந்துவிட்டது. அச்சில் இருப்பதே உயர்ந்ததாம். அதை ஏன் வெறும் சாகசக் கதையாக்குகிறீர்கள் என்று கேட்கிறார். உங்களுக்குச் சேர வேண்டிய பாராட்டு என்பதால் தெரிவிக்கிறேன்.

நிச்சயத்துக்கு நீங்கள் கொண்டு வந்த புடவையையும் தட்டையும் எடுத்துக்கொண்டு நைனா வியாழக்கிழமை காலை வண்டியில் ஆவடிக்கு வருகிறார். நான் கொண்டு வருகிறேன் என்றேன், அதற்குள் தட்டைத் துணியில் கட்டித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இருமல் இன்னும் விடவில்லை. அவரை வாசலில் நிறுத்திப் பேச வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள். உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கோ. தேவகி